கனகசபாபதி இன்னும் வேலையில் இருக்கிறார்

வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் பாட்டுக்கு டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இல்லீங்கய்யா. நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள். இந்த நிமிஷம்கூட மாடியில் பேட்டர்ன் ரூமில் உட்கார்ந்து ஒரு டீ-ஷர்ட்டுக்குக் கழுத்து வரைந்துகொண்டிருக்கிறீர்கள். கீழே ஜெர்மனிக்காரனுக்கு மெயில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சாயப்பட்டறையில் கலர் சரியில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில்.

நான் யாரா? நானும் நீங்கள்தான்.

ஸ்க்ரூவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். என் பெயர் நிவேதிகா. பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். பயிற்சிக்கென்று திருப்பூரில் உங்கள் கம்பெனிக்கு அனுப்பினார்கள். எங்கள் காலேஜ் மைக்கில் பிரின்சிபால் குரலில் 'மதியத்துக்கு மேல் விடுமுறை' என்று யாரோ அறிவித்ததும், பஸ் எல்லாம் கிளம்பிப் போனதும், அதற்கு அடுத்த வாரமே என்னைப் பயிற்சிக்கு அனுப்பியதும் தனித்தனி விஷயங்கள். சம்பந்தம் இருப்பதாக யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை.

என்னைச் சுகந்தி அக்காவின் சிஸ்டம் ரூமில் விட்டார்கள். ஞாபகம் இருக்கிறதா? ஆ, அவரைச் சொன்னதும் சிரிக்கிறீர்கள். மூச்சு விடாமல் பேசுமே, அதே அக்காதான். "நிவே அந்த ஒயர மிதிக்காத அந்த கப்ப அங்க வைக்காத ஏன் சிரிக்கற சிரிக்காத." இப்படி. நான் போன முதல் நாளே மாடியில் யாரோ கத்தினார்கள்: "டேய், யாருடா கனகசபாபதிய லாக் பண்ணது?" இன்னொருத்தர்: "நான் கனகசபாபதிய விட்டு வெளிய வந்துட்டேன், நீ உள்ள போ!" பயந்துவிட்டேன். யாரோ ஒரு மனுஷனுக்கு மாடியில் ஏதோ நடக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அக்கா விளக்கினார். பேட்டர்ன் வரைய, மெயில் அடிக்க, கலர் பார்க்க எல்லாவற்றுக்கும் இருக்கிற அந்த சாஃப்ட்வேருக்கு ஆளுக்கு ஒரு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ஒரு பெயரில் இருக்கும். பெயருக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாம். நீங்கள் போன பிறகு உங்கள் பெயரை மூடிவிட்டு, இருக்கிறவர்களுக்குப் புதிதாக வாங்க வேண்டும் என்று அக்கா நம் மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறார். பழனிவேலப்பன் சார்தான். பேசுவதற்கு முன்னால் ஒரு 'க்கும்' வரும்.

"க்கும். எதுக்கு சுகந்தி புதுசு? கனகசபாபதி சீட்டு சும்மாத்தான கெடக்குது? எல்லாரும் அதுலயே உக்காருங்க."

"ஒரு சீட்டுல இத்தன பேரு எப்படிங்க சார் உக்கார்றது?"

"டவுன் பஸ்ல உக்கார்றதில்லையா?"

"இது பஸ் இல்லீங்க சார். மாட்டுனா நாந்தான் மாட்டுவேன்."

"க்கும். மாட்டறப்ப பாத்துக்கலாம்."

எப்படி? அப்படியே சார் குரல் மாதிரி இருக்கிறதா? உங்கள் வீட்டு அம்மா சமையல்கட்டிலிருந்து சிரிக்கிறார்கள், பாருங்கள். வருஷா வருஷம் அக்கா போய்க் கேட்பார், வருஷா வருஷம் சார் டவுன் பஸ்ஸைச் சொல்வார். நான் போன பிறகு நடந்த ரவுண்டைக் கதவுக்கு வெளியே நின்று நானே கேட்டேன். கேட்டதால்தான் இவ்வளவு சுத்தமாக வருகிறது.

ஒரு நிமிஷம். போன் அதிர்கிறது.

"சொல்லுங்க நந்தகோபால் அண்ணா... முப்பத்தாறா? போட்டாச்சு. போங்க உள்ள."

இது என்ன என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பிறந்தநாளைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கம்ப்யூட்டர் வாழ்த்து அனுப்பும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் எல்லா ஸ்கிரீனிலும் ஒரே நேரத்தில் பலூன் பறக்கும். நந்தகோபால் அண்ணன் எழுந்து, "டேய், இன்னைக்கு நம்ம பொறந்தநாள்டா" என்பார். பேக்கரியிலிருந்து பப்ஸ் வரும். பேட்டர்ன் மாஸ்டர் காதர் பாய்தான் கேக் வெட்டுவார், வயதில் உங்களுக்கு அவர்தான் கிட்டத்தில் வருகிறார். எல்லோரும் அவருக்குக் கை கொடுத்து "ஹேப்பி பர்த்டே கனகசபாபதி" என்போம். அவரும் ரொம்ப அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொள்வார். நீங்கள் அப்படித்தான் செய்வீர்களாம். ஜாடை காட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுவீர்களாம்.

இன்னொன்று, உங்கள் பாஸ்வேர்டு. நீங்கள் வைத்ததை யாரும் மாற்றவில்லை. மாற்றினால் அத்தனை பேரிடமும் போய்ச் சொல்ல வேண்டுமே. மாடி முழுக்கத் தினமும் காலையில் வந்ததும் 'மரகதம்' என்று தட்டி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறோம். மரகதம் யாரென்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா, கரண்டியைக் கீழே போடாதீங்க. நல்ல விஷயம்தானே? ஐயா ஏன் தரையைப் பார்க்கிறார்?

சரி, வம்பு எங்கே வந்தது என்றால், நம் கம்பெனியைச் சென்னைக் குரூப் ஒன்று வாங்கியது. அங்கே அனந்தராமன் என்று ஒருத்தர். யார் யார் உள்ளே வருகிறார்கள், எந்த மெஷினில் வருகிறார்கள், லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. அவர் ஒரு உத்தரவு போட்டார். இனிமேல் பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஒவ்வொருத்தரும் தங்கள் சொந்தப் போனைத் தங்கள் பெயரோடு கட்டிவிட வேண்டும். யாராவது உள்ளே போனால் கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் ஒரு நம்பர் வரும். அந்த நம்பரைப் போனில் போட்டால்தான் கதவு திறக்கும். 'வருவது நான்தான்' என்று அர்த்தம்.

சொந்தப் பெயர் இருந்தவர்கள் எல்லோரும் போனைக் கட்டினார்கள். உங்களுக்குத்தான் போன் இல்லை. சார் கூப்பிட்டார். "க்கும். அம்மிணி, உம்பட போன் சும்மாத்தான கெடக்குது?"

சாருக்கு எல்லாமே சும்மாத்தான் கிடக்கும்.

அன்றிலிருந்து இந்தப் போன் உங்கள் போன். நான் பல் விளக்கிக்கொண்டிருப்பேன், அதிரும். காதர் பாய் உள்ளே போக நிற்பார். தோழியின் அக்கா வளைகாப்பில் பாடிக்கொண்டிருப்பேன், அதிரும், சாயப்பட்டறை. எங்கள் அப்பா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "யாரு கண்ணு அந்தக் கனகசபாபதி? எந்நேரமும் உம் போன்ல அந்தப் பேரே வருது?" எங்கள் அப்பாவை என்ன சொல்லிச் சமாளிப்பது! "அப்பா, அது நாந்தான்" என்றேன். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரு நாள் அனந்தராமன் நேரடியாக இந்தப் போனுக்கே கூப்பிட்டுவிட்டார். மாடியே நடுங்கியது. சுகந்தி அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்காவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவர் வேலை போனால் வீடே அவரை நம்பித்தான் இருக்கிறது, பையன் இப்போதுதான் ப்ளஸ் ஒன். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தானே என்னைப் பெற்றார்கள்!

உங்கள் குரல் எனக்கு எங்கே கிடைத்தது என்கிறீர்களா? கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் ஒரு குரல் வருமே. "வணக்கமுங்க. தாங்கள் அழைத்தமைக்கு நன்றிங்க. கொஞ்சம் காத்திருங்க." அது கனகசபாபதி குரல் என்று சார்தான் சொன்னார். அந்தக் காலத்தில் உங்களைத்தான் பதிவு பண்ணச் சொன்னாராம். அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு ஒரு முழு ஆளையே நான் கட்டினேன். கணீரென்று, நெஞ்சிலிருந்து வருகிற குரல். நாலு பேர் இருக்கும் இடத்தில் மைக் தேவையில்லை.

"ஹலோ, மிஸ்டர் கனகசபாபதி? அனந்தராமன் ஹியர். ஒரே டைம்ல கட்டிங் செக்ஷன்லயும் டையிங் யூனிட்லயும் லாகின் ஆயிருக்கீங்களே, எப்படி?"

"வேகமா நடப்பேனுங்க."

அம்மா சிரிக்கிறார்கள்! மாடியே வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தது.

"தீபாவளி அன்னிக்குக்கூட லாகின் இருக்கே சார்?"

"வீட்ல முறுக்குச் சுத்தச் சொல்றாங்க. அதாங்க ஆபீஸுக்கு வந்துட்டேன்."

மனுஷன் அந்தக் குரலுக்கே விழுந்துவிட்டார். அதிலிருந்து அடிக்கடி கூப்பிடுவார். மற்ற கம்பெனியில் எல்லோரும் அவரைக் கண்டால் ஓடுகிறார்களாம், நீங்கள் ஒருத்தர்தான் நிதானமாகப் பேசுகிறீர்களாம். தன் மாமியாரோடு உள்ள தகராறைக்கூட உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் நல்ல யோசனை சொன்னீர்கள், அது பலித்தும்விட்டது. குரூப்பிலேயே அதிகம் உழைக்கிற ஆள் என்று உங்கள் பெயரை ஏதோ பாராட்டுக்குக்கூட எழுதிப் போட்டிருக்கிறார்.

என்னங்கய்யா? எந்தக் குரல்? 'வணக்கமுங்க'வா? அது நீங்கள் இல்லையா?

லாரி டிரைவரா? அர்த்தநாரியா!

ஐயோ. மைக்கைக் கண்டதும் உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, அந்தப் பக்கம் வந்த டிரைவர் அண்ணனைப் பேசச் சொல்லிவிட்டீர்கள். சரி. சார் உங்களோடு எத்தனை வருஷம் இருந்தார்? இத்தனை வருஷத்தில் அது உங்கள் குரல் இல்லை என்று அவருக்குத் தெரியவே இல்லையா? அப்படியானால் நான் இவ்வளவு நாளாக அர்த்தநாரி அண்ணனாக இருந்து, கனகசபாபதியாகப் பேசி... அய்யோ, அம்மா, எனக்குத் தண்ணீர் கொடுங்கள். சிரித்தே செத்துவிடுவேன்.

சரி, வந்த வேலையைச் சொல்கிறேன். இந்த மைசூர்பாகு சார் கொடுத்தனுப்பியது. நாளைக்குக் காலையில் அனந்தராமன் ஒவ்வொருத்தரையும் கேமராவில் பார்க்கப்போகிறார். முகம் காட்ட வேண்டும், கம்பெனி கார்டு காட்ட வேண்டும், போன் காட்ட வேண்டும். முகம் இல்லாத பெயரை மூடிவிடுவார்களாம். மூடினால் மாடியே நின்றுவிடும், ஜெர்மனிக்காரன் துணி கப்பலேறாது, விசாரணை வரும். கார்டு தயார். போன் இது. முகத்துக்குத்தான் நீங்கள் வேண்டும். ஒரே ஒரு நாள். கார் வரும், போய் உட்கார வேண்டும், சிரிக்க வேண்டும். குரல் டிரைவர் அண்ணனுடையது என்பதால் நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள். நாம் இரண்டு பேரும் பிரமாதமாகச் சேருவோம்.

ஒரு வரி மட்டும் நீங்கள் மனப்பாடம் பண்ண வேண்டும். ஏன் இத்தனை கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் என்று அவர் ரொம்பக் குடைந்தால் மட்டும். சார் எனக்கு மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார். "க்கும். 'என் பாஸ்வேர்ட நம்பிச் சுகந்திகிட்டக் குடுத்தேன். அதுக்கப்புறம் அந்தம்மா என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க.' அவ்வளவுதான் அம்மிணி. சும்மா ஒரு இதுக்கு."

சும்மா ஒரு இதுக்குத்தானாம்.

அக்காவுக்கு நான் வந்தது தெரியுமாவா? தெரியாதுங்க. "சுகந்திகிட்டச் சொல்லாத அம்மிணி, அது ஏற்கெனவே டென்ஷன்ல இருக்குது" என்றார் சார். வெளியே கரடுமுரடாக இருந்தாலும் அவருக்கு எவ்வளவு அக்கறை, பாருங்கள்.

ஏங்கய்யா டப்பாவைத் தள்ளி வைக்கிறீர்கள்? மைசூர்பாகு பிடிக்காதா? சரி, நானே எடுத்துக்கொள்கிறேன்.

மறுபடி அதிர்கிறது. அட, சாரே கூப்பிடுகிறார். அவரும் நீங்கள்தான், தெரியுமோ? அவர் ரூமிலும் உங்கள் பெயரில்தான் உள்ளே போவார். தன் பெயரில் லைசென்ஸ் வாங்க அவருக்கு மனசு வராது.

போனை உங்களிடமா? எதற்கு? ஸ்பீக்கரிலா? இந்தாங்க.

"அம்மிணி, எழுபத்தொண்ணு. சீக்கிரம் போடு... யாரு?... கனகசபாபதியா? ஹஹ்ஹா! ஏன் அம்மிணி, இன்னைக்கு உனக்கு அந்தாளு கொரலு வரவே இல்லையே. சுமாரா இருக்குது. தொண்ட கட்டிருச்சா?"

சார், அது நான் இல்லீங்க சார்...

"சும்மா இரு அம்மிணி. ம்? 'நீங்க யாரு'ன்னா கேக்கற? 'எம் பேர்ல உள்ள வர்ற நீங்க யாரு'ன்னா? க்கும். ஏய், இது நல்லா இருக்குது. ஆனா கனகசபாபதி இப்படியெல்லாம் கேக்க மாட்டான். அவன் வாயே தொறக்க மாட்டான். லைசென்ஸ் செலவு அதிகம், ஒரு சீட்டக் கொறைக்கணும், நாளைல இருந்து வராதேன்னு ஒரு வார்த்த சொன்னேன். டிபன் பாக்ஸ எடுத்துப் பையில போட்டுட்டுப் போயிட்டான். ஏன்னு ஒரு கேள்வி கேக்கல. நீ அந்த மாதிரிப் பேசு, பேசாத மாதிரி. சரி சரி, நம்பரப் போடு, வேலை கெடக்குது. எழுபத்தொண்ணு."

ஐயா.

சார் போனை வைத்துவிட்டார். நீங்கள் ரிட்டயர் ஆகவில்லையா?

உங்கள் லைசென்ஸை மிச்சம் பிடிக்கத்தான் உங்களை அனுப்பினார்களா? லைசென்ஸ் அங்கேயே இருக்கிறதே! அதில்தானே நாங்கள் எல்லோரும்... நாங்கள் பப்ஸ் எல்லாம்...

இல்லை, ரிட்டயர்மென்ட் விழாவில் உங்களுக்கு மாலை போட்டார்கள் என்றுகூடச் சொன்னார்கள். சார்தான் சொன்னார். அவர் குரலில் கேட்டதால் நம்பிவிட்டேன். குரலை வைத்து ஏமாற்றுகிற என் வேலையை எனக்கே செய்திருக்கிறார் மனுஷன்!

அப்படியானால் அந்த வரி. 'அந்தம்மா என்ன பண்ணுச்சுன்னு தெரியாதுங்க.' அய்யய்யோ. அதை நான் மூன்று தரம் ஒப்பித்தேனே. இன்னும் நன்றாக வரட்டும் என்று நானே ஒரு இருமல்கூடச் சேர்த்தேன்.

ஐயா, அந்த எழுபத்தொன்றைப் போடவில்லையா? கீழே சிவப்பாக இருக்கிறதே, 'இல்லை, இது நான் இல்லை' என்று, அதைத் தொடாதீங்க. அதைத் தொட்டால் மொத்தமும் பூட்டிக்கொண்டு சென்னைக்கு மணி அடிக்கும் என்று அக்கா ஆயிரம் தரம் சொல்லியிருக்கி...

தொட்டுவிட்டார்.

அம்மா, ஐயா தொட்டுவிட்டார்!

இருங்கள், இதோ நந்தகோபால் அண்ணன். "நிவே! என்னாச்சு? கனகசபாபதி எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டாருடி! பாய் டீ-ஷர்ட்டுக்குப் பாதிக் கைய வரைஞ்சுட்டு இருந்தாரு, அப்படியே போச்சு! சார் ரூமுக்குள்ள இருந்து கத்தறாரு!"

அண்ணா, அப்புறம் கூப்பிடறேன். ஆமா. தள்ளிட்டாரு. நேர்லயே இருக்காரு. வைங்க.

அடுத்தது வந்துவிட்டது. பாருங்கள், பெயர் வருகிறது. அனந்தராமன். 'உங்கள் பெயரில் யாரோ நுழைகிறார்கள் என்று புகார் சொன்னீர்களே' என்று கேட்கத்தான் கூப்பிடுவார். என்னிடம் கொடுங்கள், ஐயா, நான் சமாளிக்கிறேன். அவருக்கு அர்த்தநாரி அண்ணன் குரல்தான் பழக்கம். மாமியார் எப்படி இருக்காங்க என்று ஆரம்பித்தால் போதும், மனுஷன் குளிர்ந்துவிடுவார்.

வேண்டாமா? நீங்களா? உங்களுக்குத்தான் மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளுமே.

ஃபேன் பிளேடை முதலில் கீழே வையுங்கள். அம்மா, இங்கே வந்து பக்கத்தில் உட்காருங்கள். பச்சைப் பட்டனை இப்படித் தள்ள வேண்டும். ஆ, அப்படித்தான்.

...

'இவ்வளவு நாளும் உங்ககூடப் பேசினது நான் இல்லீங்க'வா! எடுத்த எடுப்பிலேயேவா? இந்தப் பிள்ளை விளையாட்டுக்குப் பேசியதாம், அதை விட்டுவிட வேண்டுமாம்... ஐயா, என் பேச்சு எதற்கு... ம்? 'சுகந்தி வருஷா வருஷம் போய்க் கேட்டுச்சுங்க. குடுக்காதது யாருன்னு சொல்றேன், எழுதிக்கங்க.' ஆமாங்கய்யா, கேட்டார்! நான் சாட்சி! டவுன் பஸ், க்கும், எல்லாம் அப்படியே அச்சாகச் சொல்கிறேன், கேளுங்கள் சார்! சரி, சரி, வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் பேசுங்கள்.

அம்மா, உஷ். கேட்டீர்களா, அந்த 'எழுதிக்கங்க'வை? மெல்லிசாகத்தான் வருகிறது, கடைசியில் லேசாக ஒரு உடைசல். ஆனால் நகர மாட்டேன் என்கிறது. இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டா...

ஐயா, உள்ளே எழுந்து போகாதீங்க. ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும். அவசரமே வேண்டாம், நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள்.

நான் அந்தக் குரலைக் கத்துக்கிட்டிருக்கேன்.